கை காட்டினால் நிற்கும்

அவனியாபுரத்துக்கும் பெரியார் நிலையத்துக்கும் இடையே ஓடும் ஷேர் ஆட்டோக்களின் முதுகுகளில் சாமி பேர், பிள்ளைகள் பேர், தலைவர் படம், பெண்களைப் பற்றிய வயிற்றெரிச்சல் என்று என்னென்னவோ எழுதியிருக்கும். பேயாண்டியின் வண்டியில் மட்டும் மூன்றே சொல்: ‘கை காட்டினால் நிற்கும்’. இதை விளம்பரம் என்று நினைப்பவர்கள் அவனை அறியாதவர்கள். அது ஒரு நோயின் பெயர்.

நோய் அவனுடைய வலது காலில் இருந்தது. சாலையோரத்தில் ஒரு கை உயர்ந்தால் போதும், மூளைக்குத் தகவல் போய்ச் சேருமுன் கால் பிரேக்கின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். சோம்பல் முறித்தவருக்கு நின்றிருக்கிறான். போ போ என்று கை காட்டிய போக்குவரத்துக் காவலருக்கு நின்று, எதற்காக நின்றான் என்று அவருக்கே விளங்காமல் வசவு வாங்கியிருக்கிறான். ஜவுளிக்கடை வாசலில் கும்பிட்டபடி நிற்கும் பொம்மைக்குக்கூட ஒருமுறை நின்றான். ஏனய்யா இப்படி என்று கேட்டால், போற வழிதானே என்பான். பேயாண்டிக்கு இந்த உலகத்தில் எல்லா இடமும் போற வழிதான்.

இந்த நோய் அவனுடைய இல்வாழ்க்கையை ஏற்கெனவே ஒருமுறை பலி வாங்கியிருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் அவன் வாடகைக்கு எடுத்த சாதா ஆட்டோவை ஓட்டிக்கொண்டிருந்தான். வலையங்குளத்துக்காரி தங்கப்பொண்ணு, பெருங்குடிப் பக்கம் ஒரு தையல் கம்பெனிக்கு வேலைக்கு வந்துபோனாள். ஒரே சாதி, குலசாமி வேறு வேறு என்பதால் முறையிலும் சிக்கலில்லை, இரண்டு வீட்டுக்குமே சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. ஆக, மறுப்பதற்குக் காரணமே இல்லாத கல்யாணம். அதனால் அவளுடைய அப்பா காரணம் சொல்லாமலே மறுத்தார்.

ஓர் ஆவணி முகூர்த்தத்தில் திருப்பரங்குன்றம் போய்த் தாலி கட்டிக்கொள்வது என்று இருவரும் முடிவெடுத்தார்கள். சாலை பிரியும் பெருங்குடி விலக்கில் அவள் மாற்றுச்சேலைப் பையோடு நிற்பாள். அவன் மாலையோடு வந்து ஏற்றிக்கொள்வான். மாலை வந்தது. மஞ்சள் கயிறு வந்தது. வழியில் ஒரு கையும் வந்தது. கைக்குப் பின்னால் ஒரு குடும்பம், குடும்பத்துக்குப் பின்னால் முனியாண்டி கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ஒரு கிடாய். போற வழிதானே என்று ஏற்றினான். பாதி வழியில் கிடாய் குதித்து ஓடியது. குடும்பமே பின்னால் ஓட, சாமி காரியமாயிற்றே என்று மாப்பிள்ளையும் ஓடினான். ஒருவழியாக அவன் விலக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது தங்கப்பொண்ணை அவளுடைய தாய்மாமன் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக் கூட்டிப்போயிருந்தார். கிடாய் மாலையைத் தின்று முடித்திருந்தது.

அதன்பிறகு அவளுக்கும் கல்யாணம் ஆனது, அவனுக்கும் ஆனது, வெவ்வேறு பந்தலில். ஒருவர் இருக்கும் திசையை மற்றவர் கேட்டுக்கொள்ளவில்லை. இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையில்தான் போன தை மாதத்தில் ஒரு காலை, பேயாண்டியின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், “அந்தப் பைய மடியில வையிம்மா, மனுசர் உக்காரணும்ல” என்றது.

பேயாண்டிக்கு அந்தக் குரலைத் தெரியும். கண்ணாடியைத் திருப்பினான். வண்டியில் ஏழெட்டுத் தலைகள் இருந்தும் ஒரே ஒரு தலைதான் தெரிந்தது. ஒற்றைச் சடை இருந்த இடத்தில் நரையோடிய கொண்டை. மற்றபடி மூக்கு, முறைப்பு எல்லாம் போட்டது போட்டபடி இருந்தன. அன்றைக்கு அவன் சாலையைப் பார்த்து ஓட்டவில்லை. வண்டி பழக்கத்தில் தானாகப் போனது.

கிரைம் பிராஞ்ச் ஸ்டாப் வந்ததும் அவள், “அண்ணே, நிப்பாட்டுங்கண்ணே” என்றாள். மதுரையில் அந்தச் சொல்லுக்குப் பொருள் ஒன்றும் கிடையாது. இங்கே எல்லாரும் எல்லாருக்கும் அண்ணன். ஆனாலும் பேயாண்டிக்கு விலாவில் ஒரு குத்து விழுந்தது. இறங்கியவள் வண்டியின் பின்பக்கம் போய் எழுதியிருந்ததைப் படித்தாள். பிறகு முன்னால் வந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில், “இன்னும் இந்தச் சீக்கு தீரலையாக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் வில்லாபுரம் ஹவுசிங் போர்டில் மகன் வீட்டில் இருந்தாள். கிரைம் பிராஞ்ச் அருகே ஒரு மெஸ்ஸில் காய் நறுக்கும் வேலை. தினமும் அதே நேரத்துக்கு அவன் வண்டியில்தான் ஏறினாள். ஆனால் பேசக் கிடைத்தது இறங்கும்போது மட்டுமே, அதுவும் பின்னால் நிற்கும் பேருந்து ஹாரன் அடிக்கும் வரை. ஆகவே ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம் என்ற முறையில் இருவரும் வாழ்க்கை வரலாற்றைப் பரிமாறிக்கொண்டார்கள். திங்கட்கிழமை அவள் புருஷன் இறந்தார். செவ்வாய்க்கிழமை இவன் பெண்டாட்டி சர்க்கரையில் போய்ச் சேர்ந்தாள். புதன்கிழமை இவன் மகளுக்குச் சிவகாசியில் கல்யாணம் முடிந்தது. வியாழக்கிழமை அவள் மகனுக்குப் பவதாரிணி என்ற மருமகளும் வெள்ளிக்கிழமை ஒரு பேத்தியும் வந்தார்கள். சனிக்கிழமை, எதற்கென்று சொல்லாமல், அவள் ஒரு டப்பாவில் புளியோதரை கொடுத்தாள். வாக்கியத்துக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ளச் சொன்னாள் போலும்.

அந்தப் புளியோதரையைத் தின்ற கணத்தில் பேயாண்டியின் நெஞ்சில் ஒரு கேள்வி உருவானது: இனிமேலாவது ஒண்ணா இருப்பமா. அவ்வளவுதான் கேள்வி. ஆனால் ஹாரன் சத்தத்துக்கு நடுவே சில்லறையோடு சேர்த்து நீட்டும் கேள்வி அல்ல அது. ஆளில்லாத இடம் வேண்டும், ஐந்து நிமிடம் வேண்டும். வைகைக்குத் தெற்கே இருக்கும் மதுரையில் இந்த இரண்டும் ஒரே நேரத்தில் யாருக்கும் கிடைத்ததாக வரலாறு இல்லை.

முதலில், அவளைத் தன் இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார வைக்கத் திட்டமிட்டான். அந்த ஓரத்தை ஓய்வுபெற்ற ஹெட்கிளார்க் விஸ்வேஸ்வரன் வெகுநாளாகப் பிடித்து வைத்திருந்தார். அங்கேதான் காற்று வருகிறது என்பது அவர் கட்சி. ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஆளை உட்கார வைப்பது சட்டவிரோதம் என்பதை ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே அவர் தினமும் விளக்குவார். பின்னால் போய் உட்காருங்கள் சார் என்று பேயாண்டி மன்றாடிய அன்று, பிரயாணிகளின் உரிமைகளைப் பற்றி இறங்கும் வரை பேசினார். இறங்கிய பிறகும் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

அடுத்து தொலைபேசி. எண் கிடைத்தது. ஆனால் தங்கப்பொண்ணின் போன் ஒருமுறை அரிசிப்பானைக்கு அருகே இருந்த தண்ணீர்க் குடத்தில் விழுந்ததிலிருந்து காதில் வைத்துப் பேசும் பாகம் செத்து, ஸ்பீக்கரில் மட்டுமே பேசும். பேயாண்டி ஹலோ என்றால் வில்லாபுரத்தில் ஒரு வீடே ஹலோ கேட்கும். முதல் நாள் அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நாந்தான்” என்று காதலோடு தொடங்கியபோது மறுமுனையிலிருந்து மருமகள் பவதாரிணி, “அத்தே, யாரோ நாந்தானாம்” என்றாள். பேயாண்டி அவசரமாக, கேஸ் சிலிண்டர் வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு வைத்தான். மறுநாள் சிலிண்டர் விவகாரமாக அவள் வீட்டில் ஒரு விசாரணையே நடந்ததாகத் தெரிந்தது.

மூன்றாவதாக, ஒரு சாயங்காலம் அவள் வேலை முடிந்து ஏறியிருந்தபோது, வண்டியில் கேஸ் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லித் தெற்குவாசலிலேயே எல்லாரையும் இறக்கிவிட்டான். தங்கப்பொண்ணு மட்டும் இறங்கவில்லை. கேஸ் தீர்ந்த வண்டி கம்பீரமாகப் பாலம் ஏறியது. முப்பது வருஷத்தில் முதன்முறையாக ஒரு வண்டிக்குள் அவர்கள் இருவர் மட்டும். பேயாண்டி கண்ணாடியைப் பார்த்தான். அவளும் கண்ணாடியைப் பார்த்தாள்.

“தங்கம், இனிமேலாவது...” என்று அவன் ஆரம்பித்தான்.

வண்டி நின்றது. அவன் நிறுத்தவில்லை, கால் நிறுத்தியது. ஓரத்தில் கீரை விற்கும் ராமக்காள் கையை உயர்த்தி நின்றாள். கூடை ஏறியது, மிஞ்சிய கீரைக்கட்டுகள் ஏறின, ராமக்காள் ஏறினாள், இன்றைக்கு அரைக்கீரை போகவே இல்லை என்ற செய்தியும் ஏறியது. ஹவுசிங் போர்டு வரை அரைக்கீரையைப் பற்றியே பேச்சு.

இறங்கும்போது தங்கப்பொண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. ராமக்காள் கூடையைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில் முன்பக்கம் வந்து நின்றாள்.

“அன்னைக்குக் கெடா. இன்னைக்குக் கீரை. ஒன் காலு ஒன் பேச்சக் கேக்காதுய்யா,” என்றாள். பிறகு, மகனுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டதையும், வீட்டைக் காலி செய்வதையும் சொன்னாள். சனிக்கிழமை சாமான் லாரியோடு மகன், மருமகள், பேத்தி போகிறார்கள். வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு இவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாகப் போகிறாள். திரும்பி வருகிற போக்கு அல்ல.

“ஹவுசிங் போர்டு ஸ்டாப்புல நிக்கிறேன். அரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நீயே கொண்டுபோயி விடு. கேக்க வேண்டியத வழியில கேளு, எனக்கும் சொல்ல வேண்டியது இருக்கு. ஆனா ஒரு ஆளு ஏத்தக்கூடாது. ஏத்துன, நான் எறங்கிருவேன்.”

இவ்வளவு நீளமாக அவள் பேசி அவன் கேட்டதில்லை. பின்னால் நின்ற பேருந்துகூட ஹாரன் அடிக்க மறந்திருந்தது.

அந்த வாரம் முழுவதும் பேயாண்டி தன் காலோடு போராடினான். கை தெரியும்போதெல்லாம் வேறு எதையாவது நினைத்துப் பார்த்தான்; கால் எதையும் நினைக்கவில்லை, நின்றது. வலது காலுக்குப் பதில் இடது காலை வைத்து ஓட்டிப் பார்த்தான். அது எல்லாக் கைக்கும் நின்றதோடு, கை இல்லாத இடத்திலும் நின்றது. ஸ்டாண்டில் இளவட்டமான பீமாராவ் ஒருவனிடம்தான் விஷயத்தைச் சொல்லியிருந்தான். பீமாராவ் அவன் வண்டிக்குப் பின் வண்டியை ஓட்டுபவன், மரியாதை தெரிந்த பையன். அவன் யோசித்து, “அண்ணே, பாத்தாத்தான காலு போகுது. பாக்காதீங்க” என்றான்.

இது பேயாண்டிக்குப் பெரிய வெளிச்சமாகப் பட்டது. மழைக்காலத்தில் ஆட்டோவின் இரு பக்கமும் இறக்கிவிடும் படுதாவை எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை, மேகம் என்று ஒரு துணுக்குக்கூட இல்லாத வெயிலில், இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிக் கயிறு போட்டுக் கட்டினான். பக்கக் கண்ணாடிகளை மடக்கினான். போதாதென்று தலையில் துண்டைப் போட்டு, ஜட்கா குதிரைக்குக் கட்டுவதுபோல் கண்ணுக்கு இரு பக்கமும் தொங்கவிட்டான். மஞ்சள் நிறத்தில் புதுச்சட்டை. வண்டிக்குள் ஊதுபத்தி. நேர் எதிரே இருக்கும் சாலையைத் தவிர உலகத்தில் எதுவும் அவனுக்குத் தெரியாது. இந்தக் கோலத்தில் அவனியாபுரத்திலிருந்து ஒரு வண்டி புறப்பட்டுப் போனதை அந்த ஊர் நெடுநாள் பேசும்.

அன்று முகூர்த்த நாள். ஓரமெங்கும் பட்டுச்சேலைகளும் பரிசுப் பொட்டலங்களுமாகக் கைகள் உயர்ந்துகொண்டிருந்தன. எதுவும் பேயாண்டிக்குத் தெரியவில்லை. கால் குழந்தையைப்போல் உறங்கியது. ஹவுசிங் போர்டுக்கு முந்தி, பெட்ரோல் பங்கைத் தாண்டி ஆளே நிற்காத ஒரு வளைவு உண்டு. அந்த இடத்தில் துண்டின் ஓரத்தில் ஏதோ அசைந்தது. கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை. பக்கத்தில் ஒரு பை. கால் துடித்து எழுந்தது. பேயாண்டி பல்லைக் கடித்தான், முன்னால் மட்டும் பார்த்தான், வண்டியை முடுக்கினான். பின்னாலிருந்து “ஏய்யா” என்றோ “யோவ்” என்றோ ஒரு கூப்பாடு கேட்டு மறைந்தது.

அவன் நெஞ்சு நிமிர்ந்தது. வாழ்நாளில் அவன் நிற்காமல் வந்த முதல் கை அது. இந்த வெற்றியைத் தங்கப்பொண்ணிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

ஹவுசிங் போர்டு ஸ்டாப்பில் திருவிழாக் கூட்டம். படுதாவை விலக்கிப் பார்த்தான், அவள் இல்லை. காத்திருந்தான். படுதா போட்ட ஆட்டோ காலியாக நிற்பதைக் கண்டு ஜனம் சூழ்ந்துகொண்டது. வண்டி போகாது என்றான். பின் ஏன் நிற்கிறது என்றார்கள். விஸ்வேஸ்வரன் பட்டு வேட்டியில் வந்து தன் ஓரத்தைத் தேடி, படுதாவில் மோதி, வெயிலில் படுதா போடுவது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டார். ஒரு கல்யாண வீட்டுப் பாட்டியம்மாள் கயிற்றை அவிழ்த்து உள்ளே ஏறியே விட்டாள். அவளை இறக்குவதற்குள் பேயாண்டியின் புதுச்சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

அப்போதுதான் பீமாராவின் வண்டி, மூச்சு விட இடமில்லாமல், மெல்ல அவனைக் கடந்தது. “அண்ணே, இங்க என்ன பண்ணுறீங்க?” என்று பீமாராவ் கேட்டுக்கொண்டே போனான். அவனுக்குப் பக்கத்தில், விஸ்வேஸ்வரன் உட்காரும் வகை ஓரத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு தங்கப்பொண்ணு உட்கார்ந்திருந்தாள். அவள் பேயாண்டியைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி இங்கே எழுதாமல் விடுவது நாகரிகம்.

பேயாண்டி போனை எடுத்தான். ஸ்பீக்கர் என்பது நினைவிருந்தது. ஸ்பீக்கர் என்பதால் என்ன என்ற இடத்துக்கு அவன் வந்து சேர்ந்திருந்தான்.

“ஸ்டாப்புல நிக்கிறேன்னு சொன்னியே தங்கம்.”

“முகூர்த்த நாளு, ஸ்டாப்புல அம்புட்டுக் கூட்டம். ஒன் காலப் பத்தித் தெரியும்ல. ஆளு இல்லாத எடமாப் பாத்து நடந்து வந்து நின்னேன்.” வண்டிச் சத்தத்துக்கு மேல் அவள் குரல் கரகரத்தது. “கை காட்டுனேன். நீதான் நிக்கல.”

பேயாண்டி தலையிலிருந்த துண்டை உருவி எறிந்தான். “நீதான யாருக்கும் நிக்கக்கூடாதுன்ன?”

மறுமுனையில் யாரோ ஒரு பெண், “அந்தாளு சொல்லுறதுலயும் ஞாயம் இருக்குல்ல” என்றாள். இன்னொரு குரல், நிறுத்தச் சொன்னவளுக்கு நிறுத்தாதவன் வேறு யாருக்கு நிறுத்துவான் என்று எதிர்வாதம் வைத்தது. பீமாராவ் பாட்டை நிறுத்தினான். வண்டி முழுவதும் காது வைத்துக் காத்திருந்தது. ஹவுசிங் போர்டு ஸ்டாப்பிலும் விஸ்வேஸ்வரன் உள்பட அத்தனை பேரும் வாயை மூடியிருந்தார்கள். தனிமை இதற்கு மேல் கிடைக்காது என்று பேயாண்டிக்கு விளங்கிவிட்டது.

“இனிமேலாவது ஒண்ணா இருப்பமா?” என்று இரண்டு ஆட்டோ ஜனத்தின் முன்னிலையில் கேட்டான்.

போனில் ஒரு மூச்சு கேட்டது. அவள், “நானும் அதத்தான்...” என்று தொடங்கினாள். கிரீச்சென்று பிரேக் சத்தம். பீமாராவ் யாருக்கோ நிறுத்தியிருந்தான். உள்ளே தள்ளுங்க, பிள்ளைய மடியில வைங்க, பெரியார் போகுமா, மண்டபம் எங்கிட்டு எறங்கணும் என்று ஏழு குரல்கள் ஒன்றாக ஏறின. அந்த இரைச்சலில் தங்கப்பொண்ணு ஏதோ சொன்னாள், சொல்லி முடித்தாள். பிறகு இணைப்பு அறுந்தது.

கூப்பிட்டுப் பார்த்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு அம்மாள் பொறுமையாகச் சொன்னாள். வண்டியைக் கிளப்பினான். தெற்குவாசல் பாலத்தில் கல்யாண வேன்கள் மாலையோடு அசையாமல் நின்றன. எல்லா மாலையும் அவனைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது. தின்பதற்குத்தான் கிடாய் இல்லை.

அரப்பாளையம் நிலைய வாசலுக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது திருப்பூர் பேருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. மற்ற நாளில் அந்த வாசலில் நாலு எட்டு ஊர்ந்து, நாலு ஆளைப் பிடித்து, மறுபடி ஊரும் வண்டி. ஜன்னலோரத்தில் நரைத்த கொண்டை தெரிந்தது. பேயாண்டி நடுச்சாலையில் இறங்கி நின்று, வாழ்க்கையில் முதன்முறையாக, தன் கையை உயர்த்திக் காட்டினான். அவ்வளவு உயரமாக எந்தப் பயணியும் அவனுக்குக் காட்டியதில்லை. அன்றைக்கென்று பேருந்து நிரம்பியிருந்தது. நிரம்பிய பேருந்துக்குக் கை தெரியாது. ஒதுங்கு என்று ஓட்டுநர் ஹாரன் அடித்தார். பேயாண்டி ஒதுங்கினான். புகை அவன் மஞ்சள் சட்டையின் மேல் படிந்தது.

ஆட்டோவுக்குத் திரும்பினால், படுதாவை விலக்கிக்கொண்டு உள்ளே ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் எங்கே போய்த் தொலைந்தான் என்று அவனிடமே ஒருவர் கேட்டார். இருக்கையில் ஏறினான். சட்டைப்பையில் போன் அடித்தது.

பின்னணியில் பேருந்து இரைந்தது, யாரோ ஜன்னலைச் சாத்தச் சொன்னார்கள், ஒரு குழந்தை அழுதது. அதற்கு மேல் தங்கப்பொண்ணின் குரல், திருப்பூர் பேருந்து முழுவதற்கும் கேட்கும்படி வந்தது.

“கை காட்டிட்டு நின்னியே, பாத்தேன். எப்புடி இருக்கு? அடுத்த ஞாயித்துக்கெழம திருப்பூருக்கு வா. பவதாரிணிகிட்ட நான் சொல்லிக்கிறேன். பஸ்ஸுல வா. அந்த ஆட்டோவ மட்டும் எடுத்துட்டு வந்துறாத.”

“வாரேன்,” என்றான் பேயாண்டி. பின்னாலிருந்து, கிளம்புங்கண்ணே நேரமாச்சு என்று விரட்டினார்கள்.

வண்டியை எடுத்தான். அடுத்த ஞாயிறுக்குள் இன்னும் எத்தனை கை குறுக்கே வருமோ என்று எரிச்சலோடு கணக்குப் போட்டபடி நேரே பார்த்து ஓட்டினான். நிலைய மதில் முடியும் இடத்தில் ஒரு கை உயர்ந்தது. அவன் அதைப் பார்க்கவே இல்லை என்று சாமி சத்தியமாகச் சொல்லலாம்.

வண்டி நின்றது.